நாற்பதுக்குக் கீழே

போன முகாமில் முப்பத்தைந்து என்று எழுதிவிட்டார்கள்.
நாற்பது இருந்தால்தான் அட்டை.
அட்டை இருந்தால்தான் ஜெசிந்தா மிஸ்
வாரத்தில் இன்னொரு நாள்.

லாரன்ஸ் ரோட்டில்
ஜாக்கெட் பிட் வெட்டுகிறவள் நான்.
எண்பது சென்டிமீட்டர் கேட்டால்
இரண்டு விரல் சேர்த்தே வெட்டுவேன்
முதலாளி பார்க்காத நேரத்தில்.
ஐந்து என்பது எவ்வளவு என்று
எனக்குத் தெரியாதா?

இரண்டாம் வகுப்பில் நிரூபனுக்கு ஜன்னலோர இடம்.
"தொந்தரவே இல்லம்மா, தங்கமான பிள்ளை"
என்கிறார் வகுப்பு டீச்சர்.
அவன் நோட்டில் ஜூன் மாதத்துக்கு மேல்
தேதி மாறவே இல்லை.
தொந்தரவு பண்ணுடா என்று
ஒருநாள் காதில் சொல்லி அனுப்பினேன்.
சிரித்துக்கொண்டே போய்
ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டான்.

செவ்வாய் மட்டும் ஜெசிந்தா மிஸ் வருவார்.
பதினோரு பள்ளிக்கூடத்துக்கு ஒரு ஸ்கூட்டி.
பையில் புளியங்கொட்டை, மணல் தட்டு,
காது கிழிந்த ஒரு துணி யானை.
கிழமை தெரியாத பிள்ளை
அந்த ஸ்கூட்டி நிற்கும் சத்தத்துக்கு
எழுந்து நிற்கிறானாம்.
நாற்பது நிமிஷம்.
அப்புறம் கோண்டூரில் வேறு பிள்ளை காத்திருக்கும்.

மறுபடி முகாம் என்று தாள் வந்தது.
முந்தின சாயங்காலம்
பாடலீஸ்வரர் கோயிலில் நின்றேன்.
பரீட்சைக்கு முன்னால் எல்லாத் தாயும் கேட்பதற்கு
நேர்மாறாக ஒன்றைக் கேட்டேன்.
கண்ணை மூடிக்கொள்ளவில்லை,
மூடினால் அவன் முகம் வரும்.

எழுபத்திரண்டாம் டோக்கன்.
கெடிலம் பாலத்தில் பஸ் ஏறியபோது
கீழே காட்டி "ண்ணி" என்றான்.
அதை உள்ளே யாரிடமும் சொல்லக்கூடாது
என்று நினைத்துக்கொண்டேன்.

மேசை மேல் மரக்கட்டைகள்.
வீட்டில் இரண்டை அடுக்கினால்
மூன்றாவதால் இரண்டையும் தட்டிவிடுகிறவன்
மூன்று வைத்தான்.
நான்கு.
டாக்டர் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தார்.
ஐந்தாவதை
நாக்கைக் கடித்துக்கொண்டு
இரண்டு கையாலும் கொண்டுபோய் வைத்தான்.
வைத்துவிட்டுத் திரும்பி
என்னைப் பார்த்தான்,
கைதட்டுவதற்காக.

மூன்று வருஷமாக இந்தக் கைகள்
காத்துக்கிடந்தது இதற்குத்தான்.
அவை என் மடியில்
ஃபைலை இறுக்கிப் பிடித்திருந்தன.

ஒரு நொடி.
சத்தியமாக ஒரே ஒரு நொடி.

பிறகு தட்டினேன்.
வாசலில் டோக்கனோடு நின்றவர்கள்
எட்டிப் பார்க்கிற அளவுக்குத் தட்டினேன்.
போனால் போகட்டும் நாற்பது.

"வீட்ல இப்படி அடுக்குவானா?"
"இல்ல மேடம். இதுதான் மொதல் தடவ."
"யாரு சொல்லிக் குடுத்தா?"
"செவ்வாக்கிழமை" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
எதையோ எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார்.
எதிர்ப்பக்கம் நின்றே விலைச்சீட்டு படிக்கிறவள் நான்,
அந்த எழுத்து மட்டும் பிடிபடவில்லை.
தபாலில் வரும் என்றார்கள்.

வரவில்லை இன்னும்.
தலைமையாசிரியரிடம் ஒரு வெள்ளைத் தாளில்
எழுதிக் கொடுத்திருக்கிறேன்:
முன் பெஞ்சுக்கு எதற்கய்யா அட்டை?
"ஐயா" மட்டும் பிறகு சேர்த்தது.

திங்கட்கிழமை இடம் மாற்றினார்கள்.
வீட்டில் கட்டையை நீட்டினால்
முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்,
ஒன்றுகூட அடுக்கவில்லை.

ராத்திரி அவன் பையைத் திறந்தேன்.
நோட்டில் இன்றைய தேதி.
உருண்டையாக, அழுத்தி எழுதிய எழுத்து,
அவனுடையது இல்லை.
பக்கத்து இடம் ருக்சானா
தனக்கு எழுதிய கையோடு
இவனுக்கும் எழுதியிருக்கிறாள்.
கீழே கோடு வேறு போட்டிருக்கிறாள்,
ஸ்கேல் வைத்து.